அக்காவின் வின்டர்

நவம்பர் பிறந்துவிட்டால் அக்காவிடம் மழைக்காலம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. வின்டர் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பித் தவறி, "அக்கா, மழை ஊத்துது, இன்னிக்கி வேணாமே" என்று நான் படுக்கையிலிருந்தே கெஞ்சினால், சன்னல் கம்பியைச் சாவியால் தட்டிக்கொண்டே வெளியிலிருந்து பதில் வரும்.

"மழை இல்லலா, வின்டர். வெள்ளக்காரன் முட்டி வரைக்கும் பனியில ஓடுறான். நீ தூத்தலுக்குப் போத்திக்கிட்டுப் படுத்திருக்க. எந்திரிடி."

கைப்பேசியில் எதையோ பார்த்திருக்கிறார். குளிர் நாட்டு ஓட்டக்காரர்கள் பனிக்காலம் முழுக்க மெதுவாக ஓடி உடம்பைத் தேற்றிவைப்பார்களாம். வெயில் வந்ததும் பந்தயங்களுக்குக் கிளம்புவார்களாம். ஈப்போவுக்குப் பனி ஏது? வருடக் கடைசியில் வந்து தொலைக்கிற மழைதான் உண்டு. அதையே அக்கா வின்டர் ஆக்கிக்கொண்டார்.

நாங்கள் இருந்தது செமோர் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவரும் அவர் கணவரும். தோட்டத்தில் மிஞ்சியது ஒரு செம்மண் சாலையும், அதன் ஓரத்தில் யாரும் வெட்டாமல் விட்ட கொஞ்சம் பால்மரங்களும்தான். அதற்கு அப்பால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம். அந்தச் சாலையில்தான் விடியற்காலை ஓட்டம். நான் ஓடப் பிறந்தவள் அல்ல. டயர் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து போன் எடுப்பவள். அக்கா தொழிற்சாலை கேன்டீனில் நாள் முழுக்க நின்று சமைப்பவர். செம்மண் சாலையில் நாய்த் தொல்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டார். நாய் துரத்தினால் இருவரில் மெதுவாக ஓடுகிறவளைத்தான் பிடிக்கும் என்ற கணக்கு அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கொட்டுகிற மழையில் தொளதொளச் சட்டையும் நனைந்த சப்பாத்துமாக இரண்டு பொம்பளைகள் ஓடினால் எந்த ஊரில்தான் வாய் மூடியிருக்கும்? மூலைக் கடை அண்ணன் ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டே கத்துவார்.

"இப்படியே நேரா ஓடுங்கம்மா, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வந்துரும். அங்க கட்டில் காலியா இருக்காம்!"

அக்கா நிற்கவே மாட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்களுக்கு எடம் புடிக்கத்தாண்ணே போறோம்" என்பார். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கி வயிறு பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் அடியில் அவர் ஓடியதற்கு ஒரே காரணம் கால். அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் இனிப்பு நீர் வியாதி. தோட்டத்தில் பாலுக்கு மரம் சீவிய அப்பாவுக்கு ஐம்பது வயதில் ஒரு காலை எடுத்தார்கள். அண்ணனுக்கு அந்த வயது வரும் முன்பே இரண்டும் போய்விட்டன. "எங்க வீட்டுப் போட்டோவுல தலைய எண்ணி ரெண்டால பெருக்கி இத்தன காலுன்னு சொல்லிறாத, கணக்குத் தப்பிரும்" என்பார் அக்கா. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அவருக்கும் சீனி ஏறியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன வாரமே சப்பாத்து வாங்கிவிட்டார். தேத்தண்ணீரில் சீனி நின்றது, மாத்திரை தவறவில்லை, ஓட்டமும் தவறவில்லை. ஒரு நாள் செம்பனை ஓரம் மூச்சு வாங்க நின்றபோது, விளையாட்டு இல்லாத குரலில் சொன்னார்.

"சாவுறதுக்குப் பயமில்லடி. பொட்டியில வெக்கிறப்ப முழு ஆளா இருக்கணும். ரெண்டு காலும் இருக்கணும். அவ்ளோதான் கேக்குறேன்."

பெரிய ஆசையா இது? இதைக்கூடக் கொடுக்க மனசில்லாத உலகம் என்றால் வேறு என்னதான் கொடுக்கும் என்று எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

பந்தயத்துக்குப் போவதென்றால் அக்காவுக்குக் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. எத்தனை மணிக்குள் முடிப்பது என்ற கவலையெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார். ஒன்றில் குடை பிடித்து நடக்கிற சீனத்துப் பாட்டியை முந்த வேண்டும். இன்னொன்றில் மஞ்சள் சட்டைக்காரர்களை மட்டும் முந்த வேண்டும். நீலச் சட்டைக்காரர்கள் பிழைத்துப் போகட்டும். எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது என்பதும் அப்படித்தான் முடிவாகும். சட்டை என்ன நிறம், முடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நல்ல நாசி லெமாக் சோறு உண்டா, இவ்வளவுதான் கேள்வி. தைப்பிங்கில் ஓட அவருக்கு ஆசை அதிகம். "அங்க எப்பவும் மழைலா. ஓடிட்டு வந்து குளிக்கிற வேல மிச்சம்."

கடைசியாக வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே ஊர்ந்து வரும். எங்களுக்கும் அந்த வேனுக்கும் நல்ல பழக்கம். ஒரு முறை வேன்காரப் பையன் சன்னலை இறக்கி, "நைக் லா காக்கா" என்று, ஏறிக்கொள்ளுங்கள் அக்கா என மலாயில் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீ முன்னால போ தம்பி. ஒனக்கு ஒண்ணும் ஆவாம நாங்க பின்னால பாத்துக்குறோம்." அவனுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டு, வேனை இன்னும் மெதுவாக்கினான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய திட்டம் இருந்தது. ஜப்பானில் எங்கோ பனி கொட்டும்போது ஒரு பந்தயம் நடக்குமாம். அதில் ஓட வேண்டும். குவாரியில் லோரி ஓட்டும் அவர் கணவர், "மொதல்ல கேமரன் மலையில ஸ்வெட்டர் இல்லாம நில்லு பாப்போம்" என்பார். அக்கா விடவில்லை. குளிரைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று கேன்டீனில் மீனுக்குப் போடும் ஐஸை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து வாளியில் கொட்டினார். கால்களை உள்ளே விட்டுக்கொண்டு என்னையும் விடச் சொன்னார். நான் விட்ட வேகத்தில் கத்திக்கொண்டு எடுத்தேன். அவர் கால்களை உள்ளே வைத்தபடியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"குளிரலயாக்கா?"

"பழகிருச்சிலா. ஒனக்கு இது மொத வின்டரு. எனக்கு இது எத்தனாவது வின்டரு?"

அதற்கு முன்பெல்லாம் பாதம் எரிகிறது, எறும்பு ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். அந்த எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு கட்டத்தில் நின்றேபோனது. ஓட்டந்தான் குணப்படுத்தியது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். நாங்களும் நம்பினோம். வலி போனால் வியாதி போயிற்று என்றுதானே யாரும் நினைப்போம்? போனது பாதத்து நரம்பு என்று யாருக்குத் தெரியும்?

அந்த வருடம் அவருக்கு ஐம்பது வயது முடிந்தது. அப்பாவுக்குக் கால் போன வயது. ஐம்பது வரைக்கும் இரண்டு காலையும் காப்பாற்றிக் கொடுத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அக்கா முருகனிடம் நேர்ந்திருந்தார். காப்பாற்றிக் கொடுத்துவிட்டார் அல்லவா, நன்றி சொல்ல வேண்டாமா? விரதம் இருந்த நாட்களிலும் வின்டர் ஓட்டம் நிற்கவில்லை. ஈரச் சப்பாத்துக்குள் காலை விட்டு விட்டு அவர் பாதத் தோல் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

தைப்பூசத்தன்று காலையில் கிளம்பிவிடலாம் என்றுதான் திட்டம். கூட்டத்தில் சிக்கி, வரிசையில் நின்று, பால்குடம் தலைக்கு ஏறும்போது உச்சி வெயில் வந்துவிட்டது. அத்தனை நாள் கொட்டிய மழை அன்றைக்குப் பார்த்து ஒரு பொட்டும் இல்லை. தார் ரோடு பளபளத்தது. முன்னால் போனவர்கள் காலை மாற்றி மாற்றித் தூக்கி, ரோட்டோர வெள்ளைக் கோட்டில் ஏறி, யாராவது தண்ணீர் ஊற்றினால் அந்த ஈரத்துக்கு ஓடி, படாத பாடு பட்டார்கள். துணைக்கு நடந்த நானே செருப்பில்லாமல் கொஞ்ச தூரம் வந்துவிட்டுப் புல்லுக்கு ஓடிவிட்டேன். அக்கா நட்டநடு ரோட்டில் நிமிர்ந்து நடந்தார். தண்ணீர் வாளியோடு வந்த பையன்களை, "மத்தவங்களுக்கு ஊத்துங்கப்பா, எனக்குச் சுடல" என்று அனுப்பிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

கூட்டத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. "அந்தம்மாவுக்குத் தார் சுடவே இல்லயாம்." "முருகன் கால்ல நிக்கிறாரு." தெரியாத பெண்கள் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து கால்மாட்டில் கிடத்தினாள். கணவர் தடித்த ஆள், கல்லும் மண்ணும் ஏற்றி இறக்குகிறவர், தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் மெய் சிலிர்த்தது. பொய் சொல்வானேன், அந்தக் காலுக்குச் சொந்தக்காரி என் பக்கத்து வீட்டு அக்கா என்று நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் அக்காவின் கால்களை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பாதம் சிவந்து கொப்புளித்திருந்தது. வெயிலில் நடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று விபூதி வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்கில் பந்தயம். போகாமல் இருப்பாரா? அந்த முறை திட்டம், ஏரியைச் சுற்றி முடிக்கிற வரைக்கும் யாரையும் முந்தக்கூடாது, எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு ராணி மாதிரி கடைசியில் வர வேண்டும் என்பது. தைப்பிங் வாக்கு மாறாத ஊர். மழை கொட்டியது. அப்படியே கடைசியில் வந்தோம். மரத்தடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்புக் காலுறை. பிழிந்தார். சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது.

"பாத்தியா, சாயம் போவுது. மலிவா வாங்குனா இதான்" என்று என்னிடம் காட்டினார். கடைக்காரனை இருவரும் நன்றாகத் திட்டினோம். பிறகு நாசி லெமாக் சாப்பிடப் போனோம்.

அந்த வாரமே அவர் வீட்டு சிமெண்டுத் தரையில் அங்கங்கே பழுப்பாகத் திட்டு தெரிந்தது. ஏதோ வாடையும் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அக்கா அலமாரியை நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தார். அவர் முட்டி போட்டுக் குனிந்தபோது பின்னால் நின்ற எனக்கு அவருடைய வலது உள்ளங்கால் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்து, நடுவே கறுத்திருந்தது.

"அக்கா, கால்ல என்னாது?"

"எங்க?" என்று இடது காலைத் தூக்கிப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு தமிழ் டாக்டர், தைப்பிங்காரப் பெண், பொறுமையானவர். காயத்தைப் பார்த்துவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். "தொடும்போது சொல்லுங்கம்மா." அக்கா கண்ணை இறுக்க மூடி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காத்திருந்தார். டாக்டர் விரல் நுனிகளில் தொட்டார். பாதத்தில் தொட்டார். குதிகாலில் அழுத்தினார். மற்றக் காலிலும் அப்படியே செய்து முடித்து இழையைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரொம்ப நாளாவே உங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி இல்லம்மா" என்றார் டாக்டர். "வலி இருந்தா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். வலிச்சிருந்தா நீங்க அன்னிக்கே நடக்கிறத நிறுத்தியிருப்பீங்க. இப்ப கிருமி எலும்பு வரைக்கும் போயிருச்சி."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். "அப்ப அது..." என்று ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. தைப்பூசத்தைத்தான் கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய அக்காவாகிவிட்டார். எட்டு விரல்காரர்களுக்குப் பந்தயத்தில் கட்டணக் கழிவு உண்டா என்று விசாரிக்கச் சொன்னார். ஜப்பானுக்கு இனி காலுறை சின்ன அளவு போதும் என்றார். புண் ஆறும் என்று தினமும் கட்டு மாற்றிக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்து அடுத்த வின்டருக்கு எங்கிருந்து எங்கே ஓடுவது என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புண் ஆறவில்லை. நான் கட்டு மாற்ற உதவிய ஒவ்வொரு நாளும் குழி கொஞ்சம் உள்ளே போயிருந்தது. தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் திட்டம் போடுவதை அவர் நிறுத்தவில்லை, தலையாட்டுவதை நான் நிறுத்தவில்லை.

நலம் விசாரிக்க வந்தவர்களில் ஒரு அம்மாள், தைப்பூசத்தன்று இதே காலைத் தொட்டுக் கும்பிட்டவர்தான், குரலைத் தாழ்த்தி, "விரதத்துல ஏதாச்சும் கொற வந்திருக்கும். இல்லாட்டி சாமி இப்படி வெச்சி செய்வாரா?" என்றார். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எங்கொற எங்கிட்டயே இருக்கட்டும். முருகன எதுக்கு இழுக்குறீங்க? அவரு எங்கால வெச்சி என்னா செய்யப் போறாரு? நீங்க கெளம்புங்கலா."

அந்த அம்மாள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு எந்தப் பந்தயத்தைப் பற்றியும் பேசவில்லை.

காய்ச்சல் வந்து நினைவு தப்பித் தப்பி வந்த நாளில் மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். கணவர் கையெழுத்துப் போடமுடியாமல் என்னைப் பார்த்தார். "போடுங்கண்ணே" என்றேன். வேறென்ன சொல்வது? உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என் கையைப் பிடித்து, "முழு ஆளா இல்லடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா வெகு காலம் இருக்கவில்லை. சிறுநீரகமும் கெட்டு, அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டார். அந்தக் கடைசி மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என்னால் மறக்க முடியாதது காலை எடுத்த மறுநாள்தான்.

பகல் நேரப் பார்வையாளர் நேரம். கணவர் சோறு வாங்கப் போயிருந்தார். என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனால் அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு. கண் பளபளக்கிறது.

"வந்துட்டியா? ஒனக்காகத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஏய், எரியுதுடி!"

"எங்கக்கா? தைச்ச எடத்துலயா?"

"அங்க இல்லலா. பாதத்துல." போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தாடையால் காட்டினார். "கட்டவெரலு, குதிகாலு, எல்லாம் வலிக்குது. தார்ல வெச்ச மாதிரி சுடுது. எவ்ளோ வருசமாச்சி தெரியுமா இப்படி வலிச்சி! டாக்டரு என்னா சொன்னாங்க? வலிச்சா நரம்பு உயிரோட இருக்குன்னுதான சொன்னாங்க?"

நான் தலையாட்டினேன். வெட்டிய காலுக்கு இப்படி வலி வருவது உண்டு, கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாது என்று உள்ளே வரும்போதே வார்டு நர்ஸ் மிஸ்ஸி என்னிடம் சொல்லியிருந்தார்.

"உயிர் இருக்கிறப்ப செயற்கைக் காலு நல்லாப் புடிச்சிக்கும். புடிச்சிக்கும்தான? தைப்பிங்குக்குப் பேரு குடுத்துரு. சின்ன தூரமாப் பாத்துக் குடு. ரெண்டு பேருக்கும்." பேசப் பேச வலியில் அவர் முகம் சுளித்தது. சுளித்த முகத்தோடு மறுபடி சிரித்தார். "அம்மாடி, என்னா வலி. கொஞ்சம் அமுக்கி விடுடி."

எங்கே அமுக்குவது? கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பிறகு கால்மாட்டுப் பக்கம் போய், போர்வையின் மேல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து அழுத்தினேன்.

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."

கையைக் கீழே நகர்த்தினேன்.

"ஆங், அங்கதான்" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "விட்டுறாத."

நான் மெத்தையை அழுத்திக்கொண்டே இருந்தேன்.